வயரை உரசிய முருங்கை

மின்சார இலாகாவில் லைன் இன்ஸ்பெக்டராக இருப்பவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்: கரண்ட் இருந்தால் நம்மை யாருக்கும் ஞாபகம் இருக்காது, போனால் நம் தாத்தா வரைக்கும் இழுத்துத் திட்டுவார்கள். மழைக்கு முன்னால் வயரை உரசும் கிளைகளை வெட்டுவது நம் கடமை, உரிமையும்கூட. அதை நான் நிறைவேற்றிய அழகைக் கேளுங்கள்.

கயிறு எதற்கு?

சிகந்தராபாத் பக்கம் ஏ.எஸ்.ராவ் நகரில் ஒரு வேப்பமரம். கிளையைக் கயிற்றில் கட்டி, வயருக்கு எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடித்துத்தான் வெட்ட வேண்டும். வெயில் ஏறுகிறதே என்று கயிறில்லாமலே வெட்டச் சொன்னேன். கிளை வயர்மேல் விழுந்து, வயரையும் கூட்டிக்கொண்டு தரைக்கு வந்தது. நல்லவேளை, லைனை நிறுத்தியிருந்தோம். சாயங்காலம் வரை தெருவே விசிறி இல்லாமல் என்னை வாழ்த்தியது. கூட வேலை பார்க்கும் சிகந்தராபாத் டேவிட் மெதுவாகச் சொன்னான்:

"மரம் வயரைத் தொடக் கூடாதுன்னு வந்தோம். இப்ப தொடறதுக்கு வயரே இல்லண்ணா."

ஒடித்து வளர்

சூடு கண்ட பூனை நான். அடுத்த வாரம், பக்கத்துத் தெரு லூர்து ஆன்ட்டி வீட்டு முருங்கை. ஒரே ஒரு கிளைதான் வயரை உரசியது. ஆன்ட்டி பூசைக்கு மாதா கோயிலுக்குப் போயிருந்தார். வருஷா வருஷம் எதற்கு வம்பு என்று மரத்தைத் தூரோடு பெயர்த்துவிட்டேன். திரும்பி வந்தவரிடம், "முருங்கையை ஒடிச்சு வளக்கணும்பாங்களே ஆன்ட்டி" என்று சமாளித்தேன்.

"ஒடிச்சு வளக்கச் சொன்னாங்கப்பா, வெட்டிப் புதைக்கச் சொல்லல."

சட்டம் பேசினேன்

ஆன்ட்டி புகார் கொடுத்தார். எனக்குப் பிரமோஷன் வரவேண்டிய மாதம் அது; புகார் நிலுவையில் இருந்தால் வராது. இந்தத் தெலுங்கு ஊரில் எங்கள் இன்ஜினீயர் மேடமும் என்னைப் போலத் தமிழர்தான். அந்தத் தைரியத்தில், "மேடம், வயர் பக்கம் வர்ற மரத்தை வெட்டலாம்னு சட்டமே இருக்கு" என்றேன்.

"வெட்டலாம்னுதான் இருக்கு, எப்படி வேணா வெட்டலாம்னு இல்ல. போய் அந்தம்மாவைச் சமாதானப்படுத்துங்க."

மறுபடியும் கடமை

ஆன்ட்டி ஒரே நிபந்தனைதான் போட்டார்: புது முருங்கைக் கொம்பு நட்டுத் தர வேண்டும், புகாரை வாபஸ் வாங்கிக்கொள்வார். நல்ல கொம்பாகத் தேடிப் பிடித்து, நுனியில் சாணி அப்பி, நானே குழி வெட்டி நட்டேன். எனக்கே பெருமையாக இருந்தது. ஆன்ட்டி வந்து கொம்பைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து பார்த்தார்.

"ஏம்ப்பா, இவ்ளோ இடம் கிடக்க, அதே வயருக்குக் கீழயா நடுவ?"

சிரித்துக்கொண்டே புகாரை வாபஸ் வாங்கினார், பிரமோஷனும் வந்தது. கொம்புதான் தழைத்து இப்போது வயரை எட்டிப் பிடிக்கப் பார்க்கிறது, கத்தியோடு அந்த வாசலுக்குப் போக எனக்குக் கால் வரவில்லை.