பன்னாட்டு நீதிமன்றத்துக்கு வழி கேட்ட வக்கீலம்மா

காலையில் மருந்துகளை வேளைவாரியாகப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தபோது தேவிகுளத்திலிருந்து தொலைபேசி வந்தது. வழக்கறிஞர் தங்கராணி அம்மையார் காலமாகிவிட்டார். அழைத்தவர் இரங்கல் மலர்க் குழுவின் செயலாளர். "சார், நீங்கதான் எழுதணும். அந்த ஒப்பந்த விவகாரம் மட்டும் வேண்டாம், ஆருக்கும் புரியாது" என்றார். எதிர்த்துப் பேசிப் பழகாதவன் நான், சரி என்றேன். ஆனால் அதை விட்டுவிட்டு அம்மையாரைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. ஆகவே அதைத்தான் எழுதுகிறேன்.

தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து சட்டம் படித்தவர் அவர். நான் அவர் வாதாடிய நீதிமன்றத்தில் தமிழ் வாக்குமூலங்களை மலையாளத்தில் பெயர்த்துத் தந்தவன். நான் ஓய்வு பெற்றதும், "அண்ணாச்சி, சும்மாதானே இருக்கீக, வாங்க" என்று வட்டவடை மலைக்கிராமத்துக்கு அழைத்துப் போனார்.

அங்கே மாரியம்மாள் இருந்தார். அவருடைய மகன் வெளிநாட்டில், ஒரு வல்லரசின் ராணுவ முகாமுக்குச் சமையல் வேலைக்குப் போனவன். சோதனைச் சாவடியில் அந்த வல்லரசின் சிப்பாய் சுட்டதில் இறந்துபோனான். விசாரணை நடக்கவில்லை. பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் கேட்டாலும் அந்த வல்லரசின் குடிமக்களை ஒப்படைக்க மாட்டோம் என்று நம் அரசும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தது.

இளம் வயதில் கொழுந்து கிள்ளிய மாரியம்மாளுக்கு அம்மையார் இதை இப்படி விளக்கினார்: "போலீஸ் ஜீப்பு எஸ்டேட் கேட்டுல நிக்கும். துரை சொன்னாத்தான் சங்கிலிய அவுப்பாக. ஞாபகம் இருக்கா? அதே கேட்டத்தான் இப்ப நாட்டுக்கே போட்டிருக்காக."

"அப்ப துரை ஆரு, வக்கீலம்மா?"

"கையெழுத்துப் போட்டவக எல்லாருந்தான்."

அந்த நீதிமன்றம் பெருங்குற்றங்களை மட்டுமே எடுக்கும், இந்த வழக்கு நிற்காது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அம்மையாருக்குக் கோபம் வந்துவிட்டது. "நிக்காதுன்னு எனக்குத் தெரியாதா அண்ணாச்சி? அதை அந்த நீதிபதி சொல்லட்டும். கதவைத் தட்டுறதுக்கு முன்னாடியே சொல்ல, கையெழுத்துப் போட்ட இவக ஆரு?"

அந்த ஒப்பந்தத்தை எதிர்த்து ஊர் ஊராகத் தீர்மானம் போட வைத்தார். முதல் தீர்மானத்தை மலையாளத்தில் பெயர்த்து மேலிடத்துக்கு அனுப்பினேன். எங்கள் மலையிலிருந்து போகும் மனுவெல்லாம் பட்டா கேட்டே போகும். அந்தப் பழக்கத்தில், சம்பந்தப்பட்ட நிலத்தின் சர்வே எண்ணைக் குறிப்பிடுக என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதை அம்மையாரிடம் நீட்டினேன். அம்மையார் மேசையில் அடித்துச் சிரித்தார். "பூமி முழுசும்னு எழுதுங்க!"

எழுதினேன். நில அளவைப் பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று பதில் வந்தது. இன்றும் அங்கேதான் கிடக்கிறது போலும்.

பிறகு பாலக்காட்டுப் பக்கம் மீனாட்சிபுரத்தில், பால் சங்கக் கூட்டத்தில் ஒருவர் எழுந்தார். "ஏனுங்க வக்கீலம்மா, பால் வெலைய ஏத்தச் சொல்றத உட்டுப்போட்டு, எந்த நாட்டுக் கோர்ட்டுக்கோ வழி கேக்கறீங்களே?" கூட்டம் சிரித்தது.

"உங்க மகன் எங்க இருக்கான்?" என்றார் அம்மையார்.

"துபாய்லீங்க."

"எந்த வேலைக்கு, எந்தப் பக்கம் அனுப்புவாகன்னு கேட்டீகளா?"

சிரிப்பு நின்றது. தீர்மானம் நிறைவேறியது. ஒப்பந்தம் அசையவில்லை.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் ஒரு பிரமுகர், "யாரையும் பகைத்துக்கொள்ளாத சாந்த குணம்" என்று பேசினார். எனக்கு ஆத்திரமாக இருந்தது. அரசையே பகைத்துக்கொண்டவரை இவ்வளவு சீக்கிரத்தில் சாதுவாக்கிவிட்டார்களே!

மாரியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இனி எம் மகனுக்கு ஆரு பேசுவா, அண்ணாச்சி?"

வழக்கறிஞர்கள் தத்தம் ஜீப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். "நான் பேசுறேன்" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லுங்க."

சொன்னேன். சிலர் திரும்பிப் பார்த்தார்கள். மாரியம்மாள் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிக் குழியில் போட்டார்.

வக்கீலம்மா, அமைதியில் இளைப்பாறுங்கள் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் போய் வாருங்கள். உங்கள் கோபத்தை மட்டும் இங்கேயே விட்டுப் போங்கள். எங்களுக்கு அது வேண்டியிருக்கிறது.