கவசத்துக்குள் நாங்கள் மூன்று பேர்

போன ஞாயிறு குட்மேய்ஸில் ஒரு புதுவீடு குடிபூரல். சாப்பாடு முடிந்து எல்லோரும் கால்நீட்டி உட்கார்ந்த நேரத்தில், யாரோ ஒரு கேள்வியைத் தூக்கிப் போட்டார்கள். லண்டனுக்கு வந்த புதிதில் என்னென்ன வேலை செய்தீர்கள்?

கணக்காளர் ஒருவர் அலுவலகம் கூட்டினாராம். நகைக்கடைக்காரர் கோப்பை கழுவினாராம். பாதிப் பேருக்கு பெட்ரோல் நிலையம். என் முறை வந்தது.

“நான் சேர் டோவரா இருந்தனான்” என்றேன்.

“அதென்ன அக்கா… கப்பலோ?” என்று கேட்டார் வீட்டுக்காரர்.

“கப்பல் இல்லைத் தம்பி. கவசம் போட்ட வீரன். நெஞ்சு நிறையப் பிரித்தானியக் கொடி. நாட்டைக் காப்பாத்திறவர்.”

சபை சிரித்தது. என் கணவர் மட்டும் சிரிக்கவில்லை. பாயாசக் கிண்ணத்துக்குள் முந்திரிப்பருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்… அது அங்கே இல்லை என்று தெரிந்தும்!

இத்தனை வருடமாக வாயைத் திறக்காமல் இருந்தேன். அங்கே பாதிதான் சொன்னேன். மீதியை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

எண்பதுகளின் கடைசி. ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் இருந்தோம். ஊரில் வங்கி அதிகாரியாக இருந்த என் கணவர், இங்கே ஒரு கிடங்கில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். எனக்கு இல்ஃபர்டில் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் கடை ஒன்றில், டில்லில் காசு வாங்கும் வேலை. கடையின் பின்பக்கம் முழுக்க கொமிக்ஸ் புத்தகங்கள். முதலாளி மிஸ்டர் ஹென்லி, வில்லுக் கழுத்துப்பட்டி கட்டிய ஒல்லி மனிதர்.

அந்தக் கொமிக்ஸ்களில் ஒன்றின் நாயகன்தான் சேர் டோவர். புத்தகம் விற்பதற்காக அவருடைய கவசத்தை அப்படியே செய்து கடைக்கு அனுப்பியிருந்தார்கள். வெள்ளி நிறம், ஃபைபர் கிளாஸ். ஒவ்வொரு சனிக்கிழமையும் யாராவது அதற்குள் புகுந்து, வாசலில் நின்று, பிள்ளைகளுக்குக் கை கொடுக்க வேண்டும். அதுவரை கொடுத்துவந்த மாணவன் பல்கலைக்கழகம் போய்விட்டான்.

“உங்கள் கணவர் எவ்வளவு உயரம்?” என்று மிஸ்டர் ஹென்லி என்னிடம் கேட்டார்.

ஒரு நாட்டின் காவலரை இப்படித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

வீட்டில் வெடித்தது. “நான் வங்கியிலை ஒப்பிசரா இருந்தனான். என்னைத் தகரத்துக்குள்ளை நிக்கச் சொல்லுறீரோ?”

“தகரம் இல்லை. ஃபைபர் கிளாஸ்.”

மூன்றாம் நாள் ஒரு நிபந்தனையோடு வந்தார். “இஞ்சேரும், எங்கட ஆக்கள் ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. ஆர்ச்வே முருகன் மேலை சத்தியம் பண்ணும்.” செய்தேன். (முருகா, போன ஞாயிறு நடந்ததற்கு மன்னித்துக்கொள்.)

சேர் டோவர் பேசக் கூடாது என்பது கடையின் விதி. கொமிக்ஸில் முகமூடி மூடியிருக்கும்போது அவர் வாயே திறப்பதில்லையாம். இதைக் கேட்டு அதிகம் மகிழ்ந்தவர் என் கணவர். “நல்லதாப் போச்சு. நான் வாயைத் திறந்தா யாழ்ப்பாணமெல்லோ வெளியாலை வரும்!”

ஆனால் ஆறு மணி நேரம் அந்தக் கூட்டுக்குள் நிற்பது லேசா? இரண்டாவது வாரமே இடுப்பு பிடித்துக்கொண்டது. எங்கள் வீட்டின் கீழ் அறையில் கண்ணன் என்று மதுரைக்காரர் ஒருவர் இருந்தார். அங்கே டாக்டர். இங்கே டாக்டராவதற்கான பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார்.

“கவலைப்படாதீங்க அக்கா, மத்தியானத்துக்கு மேல நான் நிக்கிறேன்” என்றார் கண்ணன். “புத்தகத்தை மனசுக்குள்ள ஓட்டிப் பாக்க நல்ல இடம். யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க.”

காலையில் யாழ்ப்பாணம், மாலையில் மதுரை. இல்ஃபர்டைக் காப்பாற்ற வேறென்ன வேண்டும்?

பிள்ளைகள் லேசுப்பட்டவர்களா? “சேர் டோவர் காலையில் உயரமாக இருந்தாரே!” என்று ஒரு வாண்டு பிடித்துவிட்டது. மிஸ்டர் ஹென்லி அசரவில்லை. கொமிக்ஸைப் பிரித்துக் காட்டினார். முதலில் கவசம் போட்டவர் ஒரு சிப்பாய். அவருக்குப் பிறகு பஸ் சாரதி. அதற்கும் பிறகு ஒரு பள்ளி ஆசிரியர். “கவசம்தான் சேர் டோவர். உள்ளே யார் என்பது அந்த மாதம் கதை எழுதுகிறவரின் தலைவலி!”

கிறிஸ்மஸுக்கு முந்திய சனிக்கிழமை வந்தது. உள்ளூர்ப் பத்திரிகைப் படப்பிடிப்பாளர் வருவதாக ஏற்பாடு. வாசலில் வரிசை வளைந்து நின்றது. கணவரைக் கிடங்கில் கட்டாய ஷிப்டுக்கு அழைத்துவிட்டார்கள். கண்ணனுக்கு அன்றைக்கென்று பரீட்சை. மிஸ்டர் ஹென்லி கழுத்துப்பட்டியைப் பிய்த்துவிடுவார் போலிருந்தது.

“நான் போடுகிறேன்” என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அதிக நேரம் பார்க்க வேண்டியிருக்கவில்லை… நான் ஐந்தடிதான்.

நாலு சோடி காலுறை திணித்து பூட்ஸை நிரப்பினோம். பின்னலைச் சுருட்டித் தலைக்கவசத்துக்குள் அடைத்தோம். உள்ளே கணவரின் தைல வாசம். அதன் மேல் கண்ணனின் பெப்பர்மின்ட். கண்ணுக்கு முன்னால் ஒரு கோடு மட்டும் திறந்திருந்தது. பிள்ளைகளைப் பார்க்க வேண்டுமானால் இடுப்பை வளைத்துக் குனிய வேண்டும். அன்று சேர் டோவர் வழக்கத்தைவிடப் பணிவாக இருந்தார்.

ஒரு மணி நேரம் நன்றாகத்தான் போனது. பத்திரிகைக்காரரும் படம் எடுத்துக்கொண்டு போனார். பிறகு ஒரு பெரிய மனிதர் வந்தார். சிவந்த முகம், தடித்த கழுத்து, கையைப் பிடித்தபடி ஆறு வயது மகள். என் கையைப் பிடித்துப் பலமாகக் குலுக்கினார். குனிந்து, தலைக்கவசத்தின் காதுப் பக்கமாக, சிநேகிதனிடம் சொல்வதுபோல் சொன்னார்:

“இந்தத் தெருவைப் பார்த்தாயா? அவ்வளவும் அவர்கள்தான். நீ உண்மையான சேர் டோவர் என்றால் எல்லோரையும் கப்பலேற்றி அனுப்ப வேண்டும்.”

அந்த ‘அவர்கள்’ நாங்கள்தான்.

இந்தச் சொல் எனக்குப் புதிதில்லை. பஸ் நிறுத்தத்தில் கேட்டிருக்கிறேன். குனிந்த தலை நிமிராமல் கடந்திருக்கிறேன். ஆனால் கையைப் பிடித்துக்கொண்டு, அன்பாக, என்னிடமே ஒருவர் முறையிட்டது அன்றுதான். உண்மையைச் சொல்லட்டுமா? ஒரு கணம், நல்லவேளை முகம் தெரியவில்லை என்று நினைத்தேன். அடுத்த கணம், அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டேன்.

பேசக் கூடாது. ஓடவும் ஏலாது. பூட்ஸ் அப்படி. என் கையையாவது விடுவித்துக்கொள்ளலாம் என்று இழுத்தேன். அவர் இன்னும் இறுக்கிக் குலுக்கினார். நான் இன்னும் இழுத்தேன்.

பட்டிகள் அவிழ, கையுறை கழன்று அவர் கையோடு போய்விட்டது.

வெள்ளிக் கவசத்தின் நுனியில் என் கறுத்த கை. அதில் சிவப்புக் கண்ணாடிக் காப்புகள். அவை கிலுங்கிய சத்தம் எனக்கு இடி மாதிரிக் கேட்டது. வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. வேலை போச்சு என்று நினைத்தேன். தலைக்கவசத்தையும் பிடுங்கிவிடுவாரோ என்று பயந்தேன்.

அந்தச் சின்னப் பெண்தான் முதலில் வாய் திறந்தாள்.

“டாடி! சேர் டோவர் ஒரு லேடி!”

அதைவிடப் பெரிய அதிசயம் உலகத்தில் இல்லை என்பதுபோல் துள்ளினாள். தகப்பன் கையை உதறிவிட்டு வந்து என் வெறுங்கையைப் பிடித்தாள். காப்புகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். “இதுவும் கவசமா?” என்று கேட்டாள்.

விதியாவது, ஒன்றாவது! “ஓம் குஞ்சு” என்றேன். பதற்றத்தில் தமிழே வந்துவிட்டது. அவளுக்கு அது போதுமாயிருந்தது.

தகப்பன் கையுறையைப் பிடித்தபடி நின்றார். முகம் கழுத்துவரை சிவந்திருந்தது. என்னால் அதைத் தனியாக மாட்ட முடியாது. கட்டை விரல் பக்கத்தில் மூன்று பட்டிகள் இருந்தன, இன்னொருவர்தான் கட்டிவிட வேண்டும். நான் கையை நீட்டினேன். வேறு என்ன செய்வது?

அவர் ஒரு முழங்காலை நிலத்தில் ஊன்றினார். காப்புகள் உடையாமல், பார்த்துப் பார்த்து, கையுறையைப் போட்டுவிட்டார். கடைசிப் பட்டியைக் கட்டும்போது நிமிர்ந்து, தலைக்கவசத்தின் அந்தக் கோட்டுக்குள் என் கண்களைத் தேடிக் கேட்டார்:

“இறுக்கமாக இருக்கிறதா?”

“இல்லை, நன்றி” என்றேன், ஆங்கிலத்தில்.

மன்னிப்புக் கேட்டாரா? இல்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. சில மனிதர்களுக்கு அந்தச் சொல் வாயில் வராது, கையில்தான் வரும்.

மிஸ்டர் ஹென்லி என்னைத் திட்டவில்லை. “இதுவரை வந்தவர்களில் நீங்கள்தான் வரிசையிலிருந்து ஒருவரையும் போகவிடாமல் வைத்திருந்தீர்கள்” என்றார். வியாபாரியிடமிருந்து இதைவிடப் பாராட்டு உண்டா?

அடுத்த சனி அதே தகப்பனும் மகளும் வந்தார்கள். உள்ளே என் கணவர். நான் டில்லில். சின்னவள் சேர் டோவரின் பூட்ஸிலிருந்து தலைவரை ஒருமுறை பார்த்தாள். நீட்டிய கையைத் தொடவில்லை.

“இவர் இல்லை” என்றாள். “அவளைக் கூப்பிடுங்கள்.”

என் கணவர் வங்கியில் எத்தனையோ பேரின் விண்ணப்பத்தை நிராகரித்தவர். நிராகரிக்கப்பட்டது அதுவே முதல் தடவை. மாலையில் தலைக்கவசத்தைக் கழற்றி என் மடியில் வைத்தார்.

“இஞ்சேரும், இனி நீரே நில்லும். எனக்குக் கணக்குத்தான் சரி. நான் டில்லைப் பாக்கிறன்.”

கண்ணன் பரீட்சையில் தேறி வேறு ஊர் போனார். நான் இரண்டு வருடம் சனிக்கிழமை தவறாமல் பிரித்தானியாவைக் காத்தேன். எதிரி என்று ஒருவர்கூட வரவில்லை… முதுகு அரிப்புத்தான் வந்தது!