மாற்றிக் கொடுத்த போன் நம்பர்

எங்கள் மலையூரின் ஒண்டிக்கடைச் சந்திப்பில், பெயர்ப்பலகைகூட இல்லாத மாடி அறைதான் அந்த வேலைவாய்ப்பு ஏஜென்சி. சீசனுக்கு மட்டும் லாட்ஜ் ரிசப்ஷனில் ஆள் தேவை, கூப்பிடுகிறேன் என்றார் அதை நடத்தும் பாய். ஐம்பதை நெருங்குகிறவளுக்கா? சன்னலில் பனி ஏற ஏற எனக்குள் சந்தேகமும் ஏறியது. மெய்யான வேலையென்றால் ஊரில் விசாரித்து வரட்டும் என்று, போன் நம்பரில் கடைசி எண்ணை மாற்றி எழுதினேன்.

ஒரு வாரம் யாரும் வரவில்லை. ஏமாற்றுக்காரர்தான் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறன்று மாதாகோயில் வாசலில் பாய் நின்றிருந்தார்.

"ஏனுங்க, உங்க நம்பருக்கு அடிச்சா அடிவாரத்து டீக்கடைக்காரர் எடுத்து நொம்ப வையறாருங்க. ஊருல விசாரிச்சுத்தான் இங்க வந்தேனுங்க. இன்னிக்குப் போகலீன்னா லாட்ஜுல வேற ஆளைப் போட்டுருவாங்க."

ஓடினேன். சீசன் முழுக்க வேலை பார்த்தேன். அடுத்த சீசனுக்கும் என்னையே கேட்டிருக்கிறார்கள்.

சந்தேகம் இன்னும் விடவில்லை. இப்போதெல்லாம் வேலையிடத்தை முதலில் நானே போய்ப் பார்த்துவிடுகிறேன். நம்பரை மட்டும் சரியாக எழுதுகிறேன்.