நிக்கோபார்ப் புறாவுக்கு ஜோடி சேர்த்த கதை

ராயபுரத்தில் எங்கள் எதிர்வீட்டு மொட்டைமாடியில் இருபத்து மூன்று பந்தயப் புறாக்கள் இருந்தன. இருபத்து நான்காவது, நிக்கோபார்ப் புறா. அந்தமானிலிருந்து மரம் ஏற்றி வந்த கப்பலின் சிப்பந்தி ஒருவர் எதிர்வீட்டுக்காரருக்குக் கொடுத்தது. எதிர்வீட்டுக்காரர் துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டினார். நான் அங்கே சரக்கு எண்ணும் கிளார்க். அந்தப் புறாவுக்குப் பச்சையும் செம்பும் மின்னும் உடம்பு, கழுத்தில் பிடரிமயிர் போலத் தொங்கும் இறகுகள், வெள்ளைக் குட்டைவால்.

"மாமு, றெக்கைய எண்ணிச் சொல்லு" என்றார்.

இரண்டு முறை எண்ணினேன். பக்கத்துக்குப் பத்துப் பெரிய இறகு. நம் புறாவுக்கும் பத்துதான்.

"அப்ப நம்ம ஜாதிதான். கடல தாண்டுறது இது. நம்ம பொட்டையோட சேத்தா, குஞ்சு கல்கத்தாவுக்கே பறக்கும்."

ஜோடி சேர்க்கப் புறாப் பந்தயக்காரர்களின் வழக்கம் ஒன்றுதான்: இறக்கையை நூலால் கட்டி, இரண்டையும் ஒரே பெட்டியில் அடைப்பது. பன்னிரண்டாம் நாள் பெட்டை இரண்டு முட்டை இட்டது.

"பாத்தியா? உனுக்கு எண்ணத்தான் தெரியும், ஜோடி சேக்க எனுக்குத்தான் தெரியும்."

அதற்கு ஏழாம் நாள் முட்டைகளை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். சிவப்பு நரம்பு ஒன்றுகூட ஓடவில்லை, இரண்டும் கூமுட்டை. தீவுப் பறவையோ போட்ட கம்புத் தானியத்தைச் சரியாகத் தொடாமல் இளைத்து, நெஞ்செலும்பு கத்திபோலத் துருத்தியது. என் எண்ணிக்கையை நம்பித்தானே அடைத்தார்.

அந்த வாரம் அதே கப்பல் மறுபடி வந்தது. சிப்பந்தியிடம் ஓடினேன்.

"கம்பா போட்டீங்கோ? அது காட்டுல கீழ விழுந்த பழம், கொட்டைய தின்னுகினு கெடக்கும் நைனா. ஊருப் புறாவ அதுக்கு இன்னா தெரியும்?"

நாவற்கொட்டை பதினொன்று வைத்தேன். நான்கை முழுதாக விழுங்கியது.

அது நம் புறாவோடு ஏன் சேரவில்லை என்ற காரணம் பின்னாளில் நூலகத்தில் படித்துத்தான் தெரிந்தது. கடல் சூழ்ந்த இடத்தில் எண்ணற்ற தலைமுறைகள் தனித்தே பெருகிய பறவைகள் மெல்ல மெல்ல வேறு இனமாகிவிடுகின்றன. பத்து இறகு மட்டும் பொது.

"இன்னொரு பொட்டைய வுட்டுப் பாக்கலாம்" என்றார் எதிர்வீட்டுக்காரர் அன்று.

"இன்னும் பத்து நாள் இது தாங்காதுண்ணே. கப்பல் நாளைக்குக் கிளம்புது, அதுலயே திருப்பி அனுப்பிடலாம். எண்ணினது சரி, அதை வச்சு ஒரே ஜாதின்னு நினைச்சோமே, அதுதான் தப்பு."

அவர் அதன் இறக்கையில் கட்டியிருந்த நூலை அறுத்தார்.

மறுநாள் கப்பலடியில் புறா இருந்த கூடையைச் சிப்பந்தியிடம் நீட்டினார். என் பக்கம் திரும்பவில்லை.

"வழியில எவன் கேட்டாலும் குடுக்காத. அதோட தீவுலயே வுடு."