தேக்குப் பெஞ்சில் வெள்ளைக் கறை

கறை வெள்ளையாக இருந்தால் ஈரம் பாலிஷோடு நின்றுவிட்டது. கறுத்திருந்தால் மரத்துக்குள் போய்விட்டது. பாபநாசம் கடைத்தெருவில் பாலிஷ் போடுகிற ஒருவர் எனக்குச் சொன்னது இது. எதனால் பட்ட ஈரம் என்று சொல்லாமல்தான் அவரிடம் கேட்டேன், அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

அப்பா இறந்து நான்கு மாதம் கழித்துத்தான் வளைகுடாவில் எனக்கு லீவு கொடுத்தார்கள். வீட்டுக்குள் நுழைகிறேன், கூடத்தில் தேக்குப் பெஞ்ச். அம்மா மதியம் தவறாமல் படுக்கிற பெஞ்ச். அதன்மேல் ஆள் நீளத்துக்கு வெள்ளை, மார்கழி வயலில் பனி இறங்கினது மாதிரி. கால்மாட்டில் ஆணியைச் சுற்றிக் கறுப்பு. பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் கத்தினேன், யார் இப்படி ஈரத்தைப் போட்டது, துடைக்கக்கூடக் கை வராதா என்று. வெளிநாட்டிலிருந்து வந்தவனின் குரல். எனக்கே கேட்டது.

அக்கா அடுப்படியிலிருந்து வந்தாள்.

"ஐஸ், தம்பி. ரெண்டு நாள் அப்பாவ அதுலதான் வச்சிருந்தோம். நீ வந்துடுவேன்னு."

என் பாஸ்போர்ட் அப்போது முதலாளியின் அலமாரியில் இருந்தது. வர முடியாது என்று நான் சொல்லியனுப்பியது ஊர் வந்து சேர்வதற்குள், கும்பகோணத்திலிருந்து கொண்டுவந்த ஐஸ் பாளங்கள் சாக்குக்குள்ளேயே உருகி, மறுபடி வாங்கி, மறுபடி உருகியிருக்கின்றன.

அதற்குப் பிறகு அம்மா அதில் படுக்கவில்லையாம். முட்டிவலியோடு வெறும் தரையில். லீவு முடிவதற்குள் அவளை அதில் படுக்கவைத்துவிட வேண்டும். வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை.

பழைய வேட்டியை விரித்து, இளஞ்சூட்டில் இஸ்திரிப்பெட்டியை ஓட்டினேன். ஒரே இடத்தில் நிறுத்தினால் பாலிஷ் கொப்பளித்துவிடும். ஓட்டினேன், தூக்கிப் பார்த்தேன், ஓட்டினேன். வெள்ளை கலைந்தது. முதலில் தோள் இருந்த இடம், பிறகு இடுப்பு. மிச்சத்தைத் தேங்காய் எண்ணெயில் சலித்த சாம்பலைக் குழைத்துத் தேய்த்தேன். கால்மாட்டுக் கறுப்பு மட்டும் அசையவில்லை. தஞ்சாவூர் போய்க் கறுப்பை வெளுக்கிற ஆசிட் வாங்கி வருகிறேன் என்றேன்.

"கெடக்கட்டும் விடு," என்றாள் அம்மா. புடவை ஒன்றை மடித்துப் பெஞ்சில் தலைக்கு வைத்து, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வராமல் போனதற்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்தேன், வாய் திறப்பதற்குள் அவள் மூச்சு சீராகிவிட்டது. நான்கு மாதத்துத் தூக்கம். எழுப்ப மனம் வரவில்லை. திரும்பிப் போகிற நாள்வரை தினமும் மதியம் அவள் தூங்கினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.