தவளை பார்க்க நான் அணைக்கச் சொன்ன பல்பு

ஏரியூர்ப் பக்கம் தவளை பார்க்க எப்படிப் போவது என்று மூன்று பேர் மெயிலில் கேட்டிருந்தீர்கள். போன அக்டோபரில் போய் வந்தேன். எழுத மனம் வராமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். ஏரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். ஏன் என்பது படித்தால் புரியும்.

காய்ந்த மாதங்களில் மண்ணுக்குள் கிடக்கும் பெருந்தவளை, நல்ல மழை பெய்தால் உடம்பெல்லாம் மஞ்சளாகி வெளியே வரும். அதற்காகத்தான் போனேன். தருமபுரியில் மதியம் 2.40 பஸ், பென்னாகரம் வழியாக இரண்டு மணி நேரம். ஏரியூரிலிருந்து ஏரிக்கு ஒன்பது கிலோமீட்டர். சாதிக் பாயின் ஆட்டோ, காத்திருந்து திரும்பக் கூட்டி வர அறுநூறு ரூபாய். தவளை பார்க்க இவ்வளவு செலவா என்று பாய் வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தார்.

ஏரிக்கரையை ஒட்டி மாதையனின் கடலைக்காடு. பாய்க்குத் தெரிந்தவர். பாயைக் காட்டுக்கு அந்தப் பக்கம் ரோட்டில் ஆட்டோவிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, 7.15க்கு மாதையனோடு அவர் வீட்டு வாசல் வழியாகக் கரை ஏறினேன். நாலா பக்கமும் தவளைச் சத்தம். ஆனால் அவர் வாசலில் எரிந்த குண்டு பல்பால் கண் இருட்டுக்குப் பழகவே மாட்டேன் என்றது. அதைக் கொஞ்சம் அணைக்க முடியுமா என்று கேட்டேன்.

அவர் தயங்கினார். "வேற யாராச்சும் வர்றாங்களாங்க சார்?"

இல்லை என்றேன். போய் அணைத்துவிட்டு வந்தார்.

அந்தப் பல்பு வெளிச்சத்துக்காகப் போட்டதல்ல. பன்றி தொல்லை தாங்காமல் நிலத்தைச் சுற்றிக் கம்பி கட்டிக் கரண்ட் விட்டிருந்தார். பல்பு எரிந்தால் கம்பியில் கரண்ட் உண்டு, எரியாவிட்டால் இல்லை என்பது அக்கம்பக்கத்தாருக்குள் ஓர் ஏற்பாடு. பாய்க்கும் அது தெரியும். சட்டப்படி குற்றம் என்பதால் அசலூர்க்காரனான என்னிடம் அவர் சொல்லவில்லை. பத்து நிமிஷம்தானே என்று பல்பை மட்டும் அணைத்திருக்கிறார்.

தூறல் விழுந்தது. என் கேமரா நனையுமே என்று பாய் குடையை எடுத்துக்கொண்டு கடலைக்காட்டின் குறுக்கே வந்திருக்கிறார். பல்பு எரியவில்லை. அங்கே எல்லோரும் செய்வது போலக் கம்பியைக் கையால் தூக்கிவிட்டுக் குனிந்திருக்கிறார். எனக்கு ஏதோ விழுந்த சத்தம்தான் கேட்டது. மாதையன் சுவிட்சை நோக்கி ஓடியதைப் பார்த்த பிறகுதான் நானும் பின்னால் ஓடினேன்.

தருமபுரி ஆஸ்பத்திரியில் வலது கையில் மூன்று விரல்களை எடுத்தார்கள். ஆட்டோவுக்கு ஆக்சிலேட்டர் வலது கையில். மோட்டார் போடும்போது ஷாக் அடித்ததென்று பாயே டாக்டரிடம் சொன்னார். மாதையன் ஜெயிலுக்குப் போனால் அந்த வீட்டில் சம்பாதிக்க வேறு ஆளில்லையாம். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். வெட்கக்கேடு.

போகிறவர்களுக்கு: முழங்கால் வரை பூட்ஸ் போடுங்கள், கட்டுவிரியன் உண்டு. திரும்பி வர வண்டியை முதலிலேயே பேசி வையுங்கள். வரப்போரக் கம்பி எதையும் தொடாதீர்கள். யார் வீட்டு விளக்கையும் அணைக்கச் சொல்லாதீர்கள்.

போன மாதம் பாயைப் பார்க்கப் போனேன். ஆட்டோவை இப்போது அவர் மச்சான் ஓட்டுகிறார். இதையெல்லாம் எழுதட்டுமா என்று கேட்டேன். எழுதச் சொன்னார். மாதையன் அவரிடம் எல்லாம் சொல்லியிருக்க வேண்டும். டீ குடித்து முடித்த பிறகு மெல்லக் கேட்டார்: "யாரும் வரலைன்னு ஏனுங்க சார் சொன்னீங்க? நான் ஆட்டோவுலதானே இருந்தேன்?"

மறந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அது பொய். மாதையன் கேட்டபோது அவர் ஆட்டோவில் இருப்பது எனக்குத் தெரியும். வண்டிக்காரரை ஓர் ஆளாக நான் சேர்க்கவில்லை.