கேட்குது... ஆனா சொல்ல முடியலை

போன வாரம் ஒரு சாயங்காலம், எங்க வீட்டுக்காரர் வெள்ளத்துக்குள்ள வண்டியை விடப் போறதை மாடி ரூம்ல உட்கார்ந்து காதால கேட்டுக்கிட்டிருந்தேன்.

அவர் மூச்சு விடுறது கேட்குது. ஸ்கூட்டர் இன்ஜின் கேட்குது. ஹெல்மெட் மேல மழை அடிக்கிறதுகூடக் கேட்குது. ஆனா ‘நில்லுங்க’ன்னு ஒரே ஒரு வார்த்தை... அதை மட்டும் என்னால சொல்ல முடியலை.

ஏன்னு கேட்கிறீங்களா? சொல்றேன்.

எங்க வீட்டுல ரெண்டு பேருக்கும் ஹாம் ரேடியோ லைசென்ஸ் இருக்குன்னு இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவங்களுக்குத் தெரியும். புதுசா வந்தவங்களுக்காக ஒரு வரி: செல்போன் டவர் எதுவும் வேண்டாம், கையில ஒரு செட், கூரை மேல ஒரு ஆன்டெனா இருந்தா ஊர் விட்டு ஊர் பேசலாம். பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கித்தான் செட்டைத் தொடணும். அவர் எழுதினார். அவர் மட்டும் தனியா ரூம்ல உட்கார்ந்து பேசிக்கிட்டிருந்தா ஊர்ல என்ன சொல்லுவாங்க? அதனால நானும் எழுதினேன்.

அவர் பேர் சகாயராஜ். திருச்செங்கோட்டுல போர்வெல் போடுற ரிக் வண்டிகளுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் விக்கிற கடை ஒண்ணுல மேனேஜர். மனுசனுக்கு எல்லாமே ஆட்டோமேட்டிக்கா நடக்கணும். தண்ணி டேங்க் நிறைஞ்சா மோட்டார் தானா நிக்கணும். இருட்டினா வாசல் லைட் தானா எரியணும். விட்டா சோறு தானா வேகணும்பார். அப்படிப்பட்டவர் கையில புது செட் ஒண்ணு வந்துச்சு. அதுல வாக்ஸ்னு ஒரு வசதி.

வாக்ஸ்னா வேற ஒண்ணுமில்லை. சாதாரணமா பட்டனை அழுத்திக்கிட்டுத்தான் பேசணும். வாக்ஸ் போட்டுட்டா பட்டனே வேண்டாம்... நம்ம குரல் மைக்ல பட்டதும் செட் தானா ஒலிபரப்ப ஆரம்பிச்சுடும். வாயை மூடினா அதுவும் மூடிக்கும். ஹெல்மெட்டுக்குள்ள ஹெட்செட்டை மாட்டிக்கிட்டா, வண்டி ஓட்டுறவங்களுக்கு ரெண்டு கையும் ஃப்ரீ.

கேட்க நல்லாத்தான் இருக்கு, இல்லையா?

ஹால்ல ஃபேனை நிறுத்தி, டிவியை அணைச்சு, என்னையும் மூச்சு விடாம இருக்கச் சொல்லிட்டு மனுசன் டெஸ்ட் பண்ணினார். முணுமுணுத்தாக்கூட செட் பிடிச்சுக்கணும்னு சென்சிடிவிட்டியை உச்சத்துல வெச்சார். பிடிச்சுது. ஒரே சந்தோஷம். ரோட்டுல காத்து அடிக்கும், மழை பெய்யும், பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிப்பான்... அதெல்லாம் அந்த அமைதியான ஹாலுக்கு எப்படித் தெரியும்?

போன வாரம்னு சொன்னேனே, அன்னிக்கு அவருக்கு லீவு. சேந்தமங்கலத்துல ஒரு நண்பர் வீட்டுக்கு ஆன்டெனா தூக்கி நிறுத்தப் போயிருந்தார். அங்கிருந்து கிளம்பும்போது போன் பண்ணினார். “தூறுது. போனை பாலித்தீன் கவர்ல சுத்தி சீட்டுக்கு அடியில வெச்சுடறேன். ஏதாவதுன்னா செட்டுல வா.”

எருமப்பட்டியில எங்க வீட்டு மாடியிலிருந்து பார்த்தா கொல்லிமலை தெரியும். அன்னிக்குத் தெரியலை. மலை இருக்கிற இடத்துல ஒரே கருப்பு.

கொஞ்ச நேரத்துல போன். குப்புசாமி அண்ணன். ஓடைக்கு மேல தோட்டம் வெச்சிருக்கிறவர், எங்களுக்குப் பால் ஊத்துறவர்.

“ஏனுங்க சாமி, அண்ணன் ஊட்ல இருக்காருங்களா?”

“இல்லைங்கண்ணா, சேந்தமங்கலம் போயிருக்காரு. வந்துக்கிட்டிருக்காரு.”

“குறுக்கு ரோட்டுலயா வாராரு?”

அவர் எப்பவும் குறுக்கு ரோடுதான். ஆமாங்கண்ணான்னேன்.

“அய்யோ... தரைப்பாலத்துல உட வேண்டாமுங்க. மேல பேஞ்ச மழைக்கு ஓடை பொங்கிப் போவுது. மாடு புடிக்கப் போனேன், எங் கண்ணு முன்னால பாலம் நடுவுல உள்வாங்கிருச்சுங்க. மேலாக்கப் பார்த்தா கணுக்கால் தண்ணியாட்டந்தான் தெரியுது. அடியில ரோடே இல்லீங்க. நான் டார்ச் எடுத்துட்டு ஓடுறேன்... எட்டோணுமே சாமி, கொஞ்ச தூரங்களா அது?”

அவர் போனுக்கு அடிச்சேன். ரிங் போகுது, போகுது... சீட்டுக்கு அடியில இருக்கிற போனை யார் எடுப்பா? மாடிக்கு ஓடி என்னோட செட்டை எடுத்தேன்.

எடுத்ததும் அவர் குரல்! பாட்டு முனகிக்கிட்டு வர்றார். ஒரு நிமிஷம் உயிர் வந்துச்சு. பட்டனை அழுத்தி, “ஏங்க, பாலத்துல இறங்காதீங்க”ன்னு சொல்லிட்டுக் கையை எடுத்தேன். அங்க அதே பாட்டு. மறுபடி சொன்னேன். அதே பாட்டு, அதே மழைச் சத்தம்.

அப்புறம்தான் விஷயம் விளங்கிச்சு.

இந்த செட்டுல போன் மாதிரி ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேச முடியாது. ஒரு செட் ஒலிபரப்பிக்கிட்டிருக்கும்போது அதுக்குக் காது கிடையாது. அவர் வாயை மூடினாலும் மழை மூடலையே? ஹெல்மெட்ல படுற ஒவ்வொரு துளியையும் இவர் பேச்சுன்னே நினைச்சு வாக்ஸ் அந்த செட்டைத் திறந்தே வெச்சிருக்கு. இங்க நான் தொண்டை கிழியக் கத்துறேன். அங்க அவருக்கு ஒரு முனகல்கூடக் கேட்காது.

கல்யாணம் ஆன நாளா, “ஏதாச்சும் பேசுங்களேன்”னு அந்த மனுசனைக் கெஞ்சினவ நான். அன்னிக்கு, “மாதாவே, இவர் சத்தத்தை நிறுத்து”ன்னு அழுதேன்.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போச்சு, செட்டுக்கு சார்ஜ் போடவும் வழியில்லை. செட்டுக்குள்ள ஒரு அம்மா குரல் இருக்கு... சேனல் நம்பர், சார்ஜ் எல்லாத்தையும் இங்கிலீஷ்ல அறிவிக்கும். அது பாட்டுக்கு, பேட்டரி கம்மின்னு குஷியா சொல்லுது. யாருக்கும்மா சொல்றே? நானே செத்துக்கிட்டிருக்கேன்.

நல்ல வேளை, அந்த மாதிரி செட்கள்ல டைம்-அவுட்னு ஒண்ணு உண்டு. விடாம ஒலிபரப்பிக்கிட்டே இருந்தா, செட் சூடாயிடக் கூடாதேன்னு கொஞ்ச நேரத்துல தானா வாயை மூடிக்கும். சின்ன இடைவெளிதான். அப்புறம் மறுபடி ஆரம்பிச்சுடும். திடீர்னு அவர் பக்கம் சத்தம் நின்னுச்சு. இதான் சமயம்! மைக்கை வாயோட ஒட்டி வெச்சுக்கிட்டு, “நில்லுங்க நில்லுங்க பாலம் போச்சு வராதீங்க”ன்னு ஒரே மூச்சுல அலறினேன்.

மறுபடி மழைச் சத்தம். அதோட அவர் குரல்: “என்னமோ கரகரங்குது... எவன்டா இது?”

எப்படி இருந்திருக்கும் எனக்கு? சொல்லுங்க. அவர் காதுக்குப் போய்ச் சேர்ந்தேன். ஆனா வெறும் இரைச்சலாப் போய்ச் சேர்ந்தேன். மைக்ல வாயை ஒட்டிக்கிட்டுக் கத்தினா இந்தச் சின்ன செட்கள் தாங்காது. குரல் உடைஞ்சு தகர டப்பாவுல கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி ஆயிடும். பரீட்சைக்குப் படிக்கும்போதே சொல்லிக் கொடுத்தது. நாலு விரல்கடை தள்ளிப் பிடிக்கணும். மைக்குக்கு நேரா இல்லாம ஓரமாப் பேசணும். சாதாரணக் குரல்ல, ஒவ்வொரு வார்த்தையா. படிச்சது எல்லாம் ஞாபகம் இருக்கு. ஆனா புருஷன் சாகப் போகும்போது சாதாரணக் குரலுக்கு எங்க போறது?

மழைச் சத்தத்துக்கு நடுவுல இன்னொரு சத்தம் கேட்க ஆரம்பிச்சுது. கனமா, விடாம ஒரு இரைச்சல். ஓடை. இன்ஜின் மெதுவாகுது. ஓடைக் கரைக்கு வந்துட்டார்.

“அட, கணுக்கால் அளவுதான்”னு அவரே சொல்லிக்கிறார். “மெதுவா விட்டா போயிடலாம்.”

நான் தரையில உட்கார்ந்துட்டேன். செட்டை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டேன். பேசவும் முடியாது, பேசாம இருக்கவும் முடியாது... அந்த இடைவெளிக்காகக் காத்துக்கிட்டிருந்த நேரம் இருக்கே, எதிரிக்கும் வேண்டாம். கியர் இல்லாத வண்டி. ஆக்ஸிலேட்டரைத் திருகுற சத்தம் கேட்குது.

சத்தம் நின்னுச்சு.

செட்டை முகத்துலேர்ந்து தள்ளிப் பிடிச்சேன். என்னைக் கேட்டா, அதைப் பேசினது நான்னு நானே சொல்ல மாட்டேன். “வண்டியை நிறுத்துங்க. பாலத்துக்கு நடுவுல ரோடு இல்லை. தண்ணியில இறங்க வேண்டாம்.” அவ்வளவுதான். கால்சைன் சொல்லலை. யார் பேசுறதுன்னு சொல்லாம ஹாம்காரங்க வாயைத் திறக்கக் கூடாது, விதி அது. எனக்கு அது தோணவே இல்லை. பட்டனை விட்டேன்.

ஒண்ணும் கேட்கலை.

மழையும் இல்லை, இன்ஜினும் இல்லை, மூச்சும் இல்லை. இவ்வளவு நேரம் நிக்கணும்னு நான் வேண்டின சத்தம் மொத்தமா நின்னுபோச்சு. அதைவிடப் பயங்கரம் எதுவும் கிடையாது. இறங்கிட்டாரா? செட் தண்ணிக்குள்ள போயிடுச்சா? “ஏங்க”ன்னு கூப்பிடக்கூட பயமா இருந்துச்சு. பதில் வரலைன்னா? கேட்காம இருந்தாலாவது உயிரோட இருப்பாரேன்னு ஒரு முட்டாள்தனமான எண்ணம்.

அப்புறம் கர்ருன்னு ஒரு சத்தம். “நிறுத்திட்டேனுங்க. ஹெட்செட்டைக் கழட்டிட்டு பட்டனை அழுத்திப் பேசறேன். ரொம்ப நன்றிங்க. எதிர்க்கரையில ஒருத்தர் டார்ச் காட்டி வேண்டாம்ங்கிறார்... யாருங்க நீங்க பேசறது?”

நான் பதிலே சொல்லலை. அழுதுக்கிட்டிருந்தேன்.

நாமக்கல் சுத்தி, மெயின் ரோட்டுலயே வந்து சேர்ந்தார். அவர் தலை துவட்டுற நேரத்துல அவரோட செட்டை எடுத்து முதல் வேலையா வாக்ஸை அணைச்சேன். வீட்டுக்குள்ள, கைவேலை பார்த்துக்கிட்டே பேச அது நல்ல வசதிதான், குறை சொல்லலை. ஆனா ரோட்டுக்குக் கொண்டு போறவங்க தயவுசெய்து ரோட்டுலயே டெஸ்ட் பண்ணுங்க, காத்துல, மழையில. சென்சிடிவிட்டியைக் குறைச்சு வைங்க. அதைவிட நல்லது, வண்டி ஓட்டும்போது பட்டனே போதும். ஓரமா நிறுத்திட்டு அழுத்திப் பேசுங்க. டைம்-அவுட்டை இருக்கிறதுலயே குறைவா வைங்க. அன்னிக்கு அது மட்டும் இன்னும் நீளமா இருந்திருந்தா இந்தப் பத்தியை நான் எழுதியிருக்க மாட்டேன்.

காபியை நீட்டினேன். மனசு கேட்கலை. “ஏங்க, என் குரல்கூடவா உங்களுக்குத் தெரியலை?”ன்னு கேட்டேன்.

மனுசன் டம்ளரோட அப்படியே நின்னார். “அது நீயா? யாரோ வெள்ள டூட்டியில இருக்கிற மேடம்னு நினைச்சேன். அவ்வளவு நிதானமாப் பேசினியே!”

“நான்னு தெரிஞ்சிருந்தா?”

பொய் சொல்லத் தெரியாது அவருக்கு. அதான் அவர்கிட்ட இருக்கிற கெட்ட பழக்கம்.

“நீ தூறல் விழுந்தாலே போகாதேங்கிற. மாடிப்படி ஈரமா இருந்தாலும் போகாதேங்கிற. லாரிக்குப் பின்னால போகாதே, நாய் படுத்திருக்கிற தெருவுல போகாதே... நீன்னு தெரிஞ்சிருந்தா, சரி, இவ எப்பவும் சொல்றதுதானேன்னு இறங்கியிருப்பேன்.”

சாதாரணமாத்தான் சொன்னார். சொல்லிட்டு காபியைக் குடிக்க ஆரம்பிச்சார்.

வெள்ளத்துக்குப் பயந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான்... இந்தப் பதிலுக்கு இன்னும் பயந்துக்கிட்டிருக்கேன்.